விண்டோஸுக்கு ஆகாத பெயர்

போன வாரம் ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன். நான் வைத்த ஒரு பெயரால்!

எங்கள் ஆபீஸ் மைசூர் ஹெப்பாளில். கோமதி டீமுக்குப் புதுசு, கொள்ளேகாலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். ரெண்டு வாரம் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நான்தான் சொல்ல வேண்டும்.

மூன்று நாளாகியும் பிராஜெக்ட் அவள் லேப்டாப்பில் இறங்கவில்லை. ஏதோ ஃபைல் பெயர் செல்லாது என்று வருகிறதாம். எங்கள் எல்லோருக்கும் இறங்குகிறதே! திரும்ப இன்ஸ்டால் பண்ணு என்றேன். பண்ணினாள். நான்கு முறை. அதே பதில்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. ‘அடிப்படையே வரவில்லை, வேறு ஆள் பார்க்கலாம்’ என்று மேனேஜருக்கு மெயில் தட்டிவிட்டேன்.

மறுநாள் கோமதி லேப்டாப்போடு வந்து நின்றாள்.

“சார், ஒண்ணு காட்டட்டுங்களா? இந்தப் பேர்ல காலி ஃபைல்கூட வெக்க விட மாட்டேங்குதுங்க.”

சி, ஓ, என். ‘கான்’ என்று டைப் செய்தாள். மறுத்தது. வேறு பெயர் கொடுத்தாள். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. அட!

எங்கள் டீமில் எந்தப் புரோகிராம் ஃபைலுக்கும் மூன்றெழுத்துதான் பெயர். சட்டம் போட்ட மகானுபாவன் நானே. ‘கனெக்‌ஷன்’ அப்படித்தான் ‘கான்’ ஆனது. எங்கள் லினக்ஸ் மெஷின்களில் அது சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. டீமிலேயே விண்டோஸ் லேப்டாப் கோமதிக்கு மட்டும்தான்.

விண்டோஸுக்கும் அந்தப் பெயருக்கும் அப்படி என்ன பகை? தேடிப் பார்த்தேன். ஆதி காலத்தில் கீபோர்டுக்கும் திரைக்கும் சேர்த்து வைத்த பெயராம் அது. பழைய புரோகிராம்கள் படுத்துவிடக் கூடாதே என்று, இன்றுவரை வேறு எவருக்கும் கொடுக்காமல் காத்து வைத்திருக்கிறார்கள். யாரோ எப்போதோ துண்டு போட்டுப் பிடித்த சீட்... ஆள் இறங்கிப் போயும் துண்டு அப்படியே கிடக்கிறது!

முழுப் பெயராக மாற்றினேன். பத்தே நிமிடத்தில் பிராஜெக்ட் இறங்கியது. மேனேஜருக்கு இரண்டாவது மெயில் எழுதத்தான் ஒரு மணி நேரம் பிடித்தது. ‘தப்பு என்னுடையது. கோமதி இருக்கட்டும்’ என்ற இரண்டே வரிக்கு! அவளிடமும் போய்ச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது.

“பரவால்லீங்க சார்,” என்றாள். “நான்தான் மக்குன்னு நானே நம்பிட்டேனுங்க.”

மூன்று நாளாக அந்த மெஷின் என்னைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தது. திட்டு வாங்கியது அவள்.