ஏறாத படகு

மேலூரைத் தாண்டியதும் பேருந்தில் மைக் கைமாறத் தொடங்கும். மதுரையிலிருந்து கூட்டமாகச் சுற்றுலா போய்த் திரும்புகிறவர்களுக்கு அது ஒரு சடங்கு மாதிரி. பெரியவர் யாராவது எழுந்து நன்றி சொல்வார், யாராவது பழைய பாட்டு ஒன்றைப் பாடுவார், கடைசியில் எல்லோரும் கைதட்ட, கூட்டிப்போன டூர் மேனேஜருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். மாட்டுத்தாவணி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தமான் போய்த் திரும்பிய அந்த முறை, குழுவில் மூத்தவரான ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு எழுந்தார். மைக்கைப் பிடித்து நின்ற எங்கள் மேனேஜர் அண்ணனைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போய், கூட வந்திருந்த சமையல்காரர் தோளில் அதைப் போர்த்தினார். பேருந்தே கைதட்டியது. சமையல்காரர் பாவம், நெளிந்தார். அண்ணன் மைக்கை டிரைவர் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோரிப்பாளையத்தில் இருந்த ஒரு டிராவல்ஸில் நான் வேலை பார்த்தேன். குழுவில் பெண்கள் அதிகம் இருந்தால் துணைக்கு என்னையும் அனுப்புவார்கள். அண்ணன் அதற்கு முன் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் வார்டனாக இருந்தவர். வேலையை விட்டாரே தவிர வார்டனை விடவில்லை. விடிவதற்குள் விசில் ஊதுவார். ஒவ்வொரு இடத்திலும் இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை தலையை எண்ணுவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து எண்ணுவார். தாசில்தாராக இருந்தவரானாலும் சரி, பேத்தி எடுத்தவரானாலும் சரி, அவருக்கு எல்லோரும் விடுதிப் பிள்ளைகள்தான். நீச்சலும் தெரியாது. படகில் கால் வைத்ததுமே எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்துவிடுவார். அவரை யாருக்கும் பெரிதாகப் பிடித்ததில்லை. எனக்கே பல நாள் எரிச்சலாக வந்திருக்கிறது.

அந்தமான் போனது பொங்கல் கழிந்த வாரம். மழையெல்லாம் ஓய்ந்து வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. நம் ஊரில் அந்த நாட்களில் வாடைக்காற்று அடித்தால் துணி சீக்கிரம் காயும், உதடு வெடிக்கும், அவ்வளவுதான். மோசமான நாள் என்றால் மழை நாள், வெயில் அடித்தால் நல்ல நாள். வைகையில் வருடத்தில் பாதி நாள் மணலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் கணக்குக் கிடையாது. அங்கே அதே வாடை தடுப்பதற்கு ஒரு குன்றுகூட இல்லாமல் எங்கிருந்தோ கடல் முழுவதையும் தள்ளிக்கொண்டு வந்தது. மேலே பளிச்சென்று வெயில், கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை நுரை. ஒவ்வொரு அலையும் படகுத்துறைச் சுவரில் மோதி எங்கள் முகத்தில் தெளித்தது. எங்கள் ஆட்கள் அதற்கும் சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்கள்.

எதிரே இருந்த குட்டித் தீவுக்குப் போய்ப் பவளப்பாறை பார்ப்பதுதான் அன்றைய திட்டம். அந்தப் பயணத்துக்கு எல்லோரும் ஆசைப்பட்டு வந்ததே அதற்காகத்தான். போகக்கூடாது என்று துறையில் யாரும் தடுக்கவில்லை. முந்தின நாள் எங்களைக் கடலில் சுற்றிக்காட்டிய அதே படகுக்காரரும் தயாராகத்தான் இருந்தார். வரிசையில் முதலில் நின்றது தலைமை ஆசிரியரின் பேத்தி. பன்னிரண்டு வயதிருக்கும். பலகையில் ஒரு காலை வைத்துவிட்டாள். அண்ணன் பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் மிரண்டு அழுதுவிட்டாள். “யாரும் ஏற வேணாம். இன்னைக்குப் படகு இல்ல” என்றார். அவர் முகம் வெளிறியிருந்தது.

பிறகுதான் ரகளை. வெயில் இம்புட்டு அடிக்கும்போது கடலுக்கு என்ன கேடு என்று ஒருவர் கேட்டார். தனக்குக் குமட்டுகிறது என்பதற்காக ஊரையே நிறுத்துகிறார் என்றார் இன்னொருவர். பெண்பிள்ளை கையைப் பிடித்து இழுக்க இவர் யார் என்று தலைமை ஆசிரியர் கொதித்தார். நான் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, எதை வைத்து நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். “கடலப் பத்தி எனக்கு என்னத்தா தெரியும்? நம்மாளுகளுக்கு லைஃப் ஜாக்கெட்டு குடுக்குறதுக்கு முன்னாடி அந்தப் படகுக்காரன் தன்னோடத எடுத்து மாட்டுனான். நேத்து அவன் மாட்டல” என்றார்.

எங்களுக்குப் பின்னால் நின்ற வேறு ஊர்க் குழு அந்தப் படகில் ஏறிப்போனது. மத்தியானம் சொட்டச் சொட்ட நனைந்து, சிரித்துக்கொண்டே திரும்பியும் வந்தது. தீர்ந்தது கதை. அதற்கு மேல் அண்ணன் பக்கம் பேச என்ன இருக்கிறது? மிச்ச நாட்கள் முழுவதும் அவர் தலை எண்ணும்போது வேண்டுமென்றே இடம் மாறி நின்றார்கள். பேருந்தில் பொன்னாடை அவரைத் தாண்டிப் போனபோது நான் எழுந்து, இது அநியாயம் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன்தான் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

தலைமை ஆசிரியர் அலுவலகத்துக்கே வந்து முறையிட்டார். முதலாளி அண்ணனிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. வாடிக்கையாளர் முகம் சுளித்துவிட்டார், அது போதும் அவருக்கு. மறு வாரமே அண்ணனுக்கு வேலை இல்லை. நானும் கத்திவிட்டு வெளியே வந்தேன், அது வேறு கதை. ஒருவேளை அந்தப் படகு கவிழ்ந்திருந்தால் அண்ணனைத் தெய்வம் என்றிருப்பார்கள். ஒரு மனிதன் நல்லவன் என்று நிரூபிக்க இவர்களுக்குப் பிணம் வேண்டியிருக்கிறது. அதன் பிறகு எந்த டிராவல்ஸும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பயந்தாங்கொள்ளி என்ற பேர் அவருக்கு முன்னாலேயே போய் நின்றது. போன ஆனியில் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் நின்றோம்.

அந்தப் பேத்திக்கு இந்த ஆவணியில் வண்டியூரில் கல்யாணம். அவள் அம்மா என்னை மறக்காமல் அழைத்திருந்தார். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து தலைமை ஆசிரியர் மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்தமான் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழத்தை அண்ணன் முகர்ந்த மாதிரி முகர்ந்து காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டேன்.

“ஐயா, அன்னைக்கு மொத ஆளா பலகையில கால வச்சது உங்க பேத்திதான்” என்றேன்.

“அதனால என்னம்மா? அதான் ஒண்ணும் ஆகலையே” என்றார் சிரிப்பு மாறாமல்.

“ஆமாய்யா, ஒண்ணும் ஆகல. அதுக்குத்தான் அவரு வேல போச்சு.”

பாயசம் கொண்டுவந்த பையன் ஊற்றலாமா என்று தெரியாமல் நின்றான். பந்தி விசாரிக்க மாலையும் கழுத்துமாக வந்த பொண்ணு, “அந்த மேனேஜர் மாமா வரலையாக்கா?” என்று என்னிடம் கேட்டாள். அவர் செத்துப்போன செய்தியைக் கல்யாண வீட்டில் எப்படிச் சொல்வது? வரவில்லை என்று மட்டும் சொன்னேன்.