பெரியப்பாவின் மண்

போன மழைக்குத் திண்டிவனத்தில் என் வீட்டுக் கூடத்துக்குள் சேறு வந்துவிட்டது. இரண்டு கூடை அள்ளியதுமே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அள்ளிய நேரத்தைவிடப் புலம்பிய நேரம்தான் அதிகம் என்கிறாள் மனைவி. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா நினைவுக்கு வந்தார்.

பெருமுக்கல் மலையடி நிலத்தில் மேட்டுக் கொல்லை பெரியப்பாவுக்கு, பள்ளத்துக் கொல்லை அப்பாவுக்கு. பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது. எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு அடைமழை. மலையிலிருந்து இறங்கிய சேறு மேட்டுக் கொல்லை மண்ணையும் வழித்துக்கொண்டு வந்து எங்கள் கொல்லையில் முழங்கால் உயரத்துக்கு உட்கார்ந்துவிட்டது. அதை எடுக்காமல் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட முடியாது; கடலையை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பும் இல்லை. அப்பா நாலு கூடை அள்ளுவார், பிறகு வரப்பில் உட்கார்ந்துவிடுவார்.

ஒரு காலையில் பெரியப்பா மாட்டு வண்டியோடு வந்து நின்றார். அப்பாவைப் பார்க்காமல் மாட்டிடம் பேசினார்.

"எம்மண்ணு இங்க வந்து குந்திக்கினு கீது. அள்ளிக்கினு போவ வந்தேன்."

அப்பா என்னிடம் திரும்பினார். "கல்லும் கீது. அதையும் சேத்து அள்ளிக்கினு போவச் சொல்றா ஒங்க பெரியப்பன."

எனக்கு ஆத்திரம். எங்கள் கொல்லையில் விழுந்தது எங்களுக்குத்தானே. சேற்றின்மேல் கைகாலைப் பரப்பிப் படுத்துக்கொண்டேன். பெரியப்பா ஒரு கையால் என்னைத் தூக்கி வண்டியில் போட்டார். "இதுவும் எம்மண்ணுதான்."

வண்டி மேட்டுக் கொல்லையைத் தாண்டிப் போனது. அங்கே வெறும் பாறை பல்லிளித்தது. கல் உடைத்த பள்ளத்தில் கொண்டுபோய் மொத்த மண்ணையும் கொட்டினார்.

"பெரியப்பா, ஒங்க கொல்ல அங்க கீது."

"தெரியும். வாய மூடிக்கினு குந்து."

பொழுது சாயும்வரை இதே கதைதான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன். அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ப்பா, பெரியப்பாவுக்கு மூள கொழம்பிட்ச்சு. நம்மகிட்ட வம்பு பண்ணி மண்ண அள்ளிக்கினு போயி பள்ளத்துல கொட்றாரு."

அப்பா சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கழுவிய காலையே மறுபடி கழுவினார்.

"எங்கண்ணன் எப்பவும் அப்டித்தான்," என்றார். பிறகு உள்ளே பார்த்து, நாளைக்கு ஒரு ஆள் சோறு சேர்த்துப் போடும்படி அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் வண்டி வருவதற்கு முன்பே அப்பா மண்வெட்டியோடு கொல்லையில் நின்றார். என் ஜோக் அவருக்குப் புரியவில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.