அறுப்பின் பண்டிகையில் எடுத்த ஜீப்

எங்கள் ஆலயத்து அறுப்பின் பண்டிகையில் ஏலத்துக்கு வராத பொருளே கிடையாது. மரச்சீனிக் கிழங்கு, ஏத்தன் வாழைக்குலை, சேவல், யாரோ சுட்ட கேக் என்று எல்லாவற்றையும் கர்த்தருக்கென்று கொண்டுவந்து வைப்பார்கள். பிறகு போட்டி போட்டு ஏலம் எடுப்பார்கள். போன வருடம் எங்கள் தெருவின் பெரியவீட்டு மாமி ஒரு பொம்மை ஜீப்பைக் கொண்டுவந்து இறக்கினார். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற, பேட்டரியில் ஓடுகிற, இரண்டு இருக்கையுள்ள சிவப்பு ஜீப். அது ஓடவில்லை. வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்ததைக் காணிக்கையாக்கிவிட்டார்.

யாரும் கேட்கவில்லை. "ஒரு தரம்" என்று சொல்லவே ஏலம் விடுகிறவருக்குக் கூச்சமாக இருந்தது. அதற்குள் என் ஐந்து வயது மகள் அதில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டாள். நான் கையைத் தூக்கினேன். கூட்டம் சிரித்தது.

"ஏட்டி, அது ஓடாது கேட்டியா," என்றார் மாமி. "பிள்ளை சும்மா இருந்து வெளையாடட்டும்."

அந்தச் சிரிப்பு எனக்குள் கிடந்து புகைந்தது. ஓடாததைக் கடவுளுக்குக் கொடுத்தவரைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை, வாங்கியவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். ஓட்டிக் காட்டாமல் விடுவதில்லை என்று வீம்பு பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் மிக்சி, அயர்ன்பாக்ஸ் எல்லாம் நான்தான் பிரிப்பேன். கணவர் ஸ்குரூடிரைவரைத் தொட்டால் அடுத்து மருந்துப்பெட்டியைத் தேட வேண்டியிருக்கும். இருக்கையைக் கழற்றினேன். பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. அதைப் பையில் போட்டு மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயா? புது வண்டி ஒண்ணு வாங்குங்க," என்றார்.

"நான் பேட்டரிதான் கேட்டேன், புத்தி கேக்கல்ல," என்று சொல்லி அதே வோல்ட்டில் புதியது வாங்கி வந்தேன்.

மாட்டியும் அசையவில்லை. கணவர் சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். பெடலுக்கு அடியில் கையை விட்டால் மணல், பிஸ்கட் தூள், எறும்பு. அங்கிருந்த சுவிட்சின் தகடு பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. ஒயர்களைக் கழற்றி, தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப மாட்டினேன். மகள் மிதித்தாள். வண்டி துள்ளிப் பின்பக்கமாகப் போய்த் துவைக்கிற கல்லில் முட்டியது. இரண்டு ஒயரை மாற்றி மாட்டியிருக்கிறேன். இருக்கட்டும், ஓடிற்றே! சரிசெய்த பிறகு மகள் போட்ட கூச்சல் தெரு முழுக்கக் கேட்டது.

மாமிக்கும் கேட்டிருக்க வேண்டும். அந்த வாரமே பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மக்கா, பிள்ளை துபாயிலயிருந்து லீவுக்கு வந்திருக்கு. ஜீப்பு ஜீப்புன்னு ஒரே அழுகை. ஏலத்துல எடுத்தத திருப்பிக் குடுக்கது நம்ம மொறைதானே. நீ சர்ச்சுக்கே குடுத்துரு. ஞாயித்துக்கெழம மறுக்கா ஏலம் விடட்டும், நாங்க எடுத்துக்கிடுதோம்."

அப்படியொரு முறை உண்டுதான். வசதியுள்ளவர்கள் எடுத்த குலையை அங்கேயே திருப்பிக் கொடுப்பார்கள், அது மறுபடியும் ஏலம் போகும். ஆலயத்துக்கு வருமானம், கொடுத்தவருக்குப் பெருமை. நான் மறுத்தால் கர்த்தருக்குக் கொடுக்க மனமில்லாதவள் என்று பெயர் வரும். மாமிக்கு அது நன்றாகத் தெரியும். ஜீப்பில் இருந்த மகள் என் முகத்தையே பார்த்தாள்.

"ஓடாதப்பம் கர்த்தருக்குக் குடுத்திய. ஓடுன பொறவு அவருகிட்டயிருந்து திருப்பிக் கேக்கியளா? தரமாட்டேன் மாமி. ஆரு என்ன சொன்னாலும் செரி."

"ஒனக்கு இவ்வளவு வாயா?" என்று மாமி பேத்தியின் கையைப் பிடித்து இழுத்தார். குழந்தை நகரவில்லை. அதன் கண் ஜீப்பிலேயே இருந்தது. குழந்தையோடு எனக்கென்ன பகை?

"பிள்ளைக்கு ஏறணும்னா ஏறட்டும்," என்றேன். "எம்மகளுக்குப் பக்கத்துல."

பேத்தி கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். இருவரும் பெரியவீட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்கள். அதுவரைக்கும் மாமி எங்கள் முற்றத்தில் காத்து நிற்க வேண்டியதாயிற்று. ஓட்டியது என் மகள்.