கேள்வி அவருக்கு, பதில் என்னுடையது

என் கணவர் பஞ்சு மில் தொழிலாளி. மூச்சிரைப்புக்காகக் கோவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நர்ஸ் ஒரு கேள்வித்தாளை வைத்துக்கொண்டு அவருடைய அன்றாட நிலைமையை விசாரித்தார்.

"படி ஏற முடியுதுங்களா? ராத்திரி தூக்கம் எப்படிங்க?"

மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பக்கத்து பெஞ்சில் எங்கள் ஊர்க்காரர் வேறு. கணவர் வாயைத் திறக்குமுன் நானே, "அதெல்லாம் நல்லா இருக்காருங்க" என்று முடித்துவிட்டேன். பழைய மாத்திரையையே தொடரச் சொன்னார்கள்.

மாதங்கள் கழித்து மறுபடி அதே கேள்விகள். நான் மருந்து வாங்கித் திரும்பியபோது திரைக்குப் பின்னால் கணவரின் குரல் கேட்டது.

"படுத்தா மூச்சு முட்டுதுங்க. அம்மணி தூங்குன பொறகு எந்திரிச்சு உக்காந்துக்குவனுங்க."

அத்தனை ராத்திரியும் நான் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் நர்ஸ் அந்தத் தாளை எடுத்தாலே, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறேன்.

- ஒரு வாசகி, பொள்ளாச்சி