ஆறாம் நம்பர் மலைக்கு என்னை ஏற்றியவர்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில்தான் செய்தி வந்தது. "மருந்தையா பூண்டுலோயாவில மக வீட்டுல தவறிட்டாராம்" என்று கணக்கப்பிள்ளை சொன்னார். கூடையை இறக்கிய பெண்கள் ஐயோ என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நம் தோட்டத்தில் மருந்து கொடுத்த டிஸ்பென்சர் அவர்; அவரை நல்லவர் என்று சொல்ல உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆறாம் நம்பர் மலை சரிந்து என் தங்கை செல்லம்மா மண்ணுக்குள் போனபோது, நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். அதன் பிறகு அந்தப் பக்கம் கூட்டிப் போனாலே அலறிக்கொண்டு திரும்பி ஓடிவிடுவேன். பேய் பிடித்திருக்கிறது என்று பூசாரியைக் கூட்டி வந்தார்கள். மருந்தையாதான் தடுத்தார். "பேயுமில்ல பிசாசுமில்ல. மூளை ஒன்ன காப்பாத்தப் பாக்குது. ஒண்ணும் ஆகாதுன்னு அதுக்குக் கொஞ்சங் கொஞ்சமா காட்டணும்" என்றார்.

முதல் நாள் பாலம் வரைக்கும். சில நாள் கழித்து ரோடு வளைகிற முடக்கு. பிறகு மலையடி. முதல் கொழுந்து கிள்ளும்போது நாம் சொல்கிற 'பொலியோ பொலி'யை ஒவ்வோர் இடத்திலும் நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நெஞ்சுப் படபடப்பு அடங்கும் வரை அவர் பக்கத்தில் நிற்பார். தூறலில் எனக்குக் குடை பிடித்ததையும் மறுக்க மாட்டேன். ஒரு மாதத்தில் மேல் நிரையில் நின்று கொழுந்து எடுத்தேன். அன்று அவர் காலில் விழுந்தேன்.

ஆனால் நாம் குடியிருக்கிற லயத்துத் தகரக் கூரையில் மழை விழுந்தால் மட்டும் பழையபடி நடுங்கினேன். அவரிடம் சொன்னபோது சிரித்தார். "பயம் அழியாதும்மா. அது மேல புதுப் பழக்கம் ஒண்ணு படியுது, அவ்வளவுதான். இடம் மாறினா பழசு தலைதூக்கும்."

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், அந்த மலைக்குப் போகத் தயங்கிய பெண்களிடம் கங்காணி என்னைக் கைகாட்டினார். "தங்கச்சியப் பறிகொடுத்தவளே போறா, ஒங்களுக்கு என்னா?" லயத்தில் எனக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ராக்கம்மா மட்டும் அசையவில்லை. "எனக்கு என்னமோ பயமா இருக்குக்கா" என்றாள். நான்தான் கையைப் பிடித்தேன். "நான் போறேன்ல, வா புள்ள."

அடுத்த மழைக்கு மலை மறுபடியும் சரிந்தது. ராக்கம்மாவைத் தோண்டி எடுத்தபோது உயிர் இல்லை.

வேலையை விட்டுப் போகும் அன்று மருந்தையா என்னைக் கூப்பிட்டார். "மழைத்தண்ணி போற மேல் கானுக்குப் பக்கத்தில வெடிப்பு இருந்திச்சு. ஒன்ன கூட்டிட்டுப் போறதுக்கு முந்தியே பாத்தேன். தொரைகிட்ட சொன்னேன். கொழுந்து முத்திப்போகுது, வாய மூடிக்கிட்டு பொம்பளைங்கள மலைக்கு ஏத்துன்னாரு."

"எங்ககிட்ட ஏங்க சொல்லல?"

"வேலை போயிரும்னு பயம்மா."

என் பயத்தை ஆற்றத் தெரிந்தவர், தன் பயத்துக்கு ராக்கம்மாவைக் கொடுத்துவிட்டார். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தார் என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. என் பயம் பொய் சொல்லவில்லை. அதை அவர் அடக்கினார். அந்தத் துணிச்சலில் நான் அவளுடையதை அடக்கினேன்.

அவருடைய சவ எடுப்புக்கு நான் போகவில்லை. அவரால் எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். மலையேற மறுத்து நிற்கிற எந்தப் பெண்ணிடமும் பயப்படாதே என்று நான் சொல்வதில்லை. "எதப் பாத்த புள்ள?" என்று கேட்கிறேன். அவள் காட்டுகிற இடத்துக்கு முதலில் நான் போய்ப் பார்க்கிறேன்.