‘எனக்க’ண்ணு எழுதின மாமி

மாமி இனி ரீல்ஸ்ல வர மாட்டாவ.

திங்கக்கிழம காலைல ஆறரைக்கு அண்டியாபீஸ் வண்டி, அதான் முந்திரி ஃபேக்டரி வண்டி, ஹார்ன் அடிக்குது. செருப்பு போட வாசல்ல உக்காந்தாவ... எழும்பல்ல. ஆசுபத்திரி போற வழியிலயே முடிஞ்சி.

மூணு நாளா இன்பாக்ஸ்ல ‘ரோஸ் மாமி எங்க, வீடியோ எங்க’ண்ணு கேட்ட எல்லாருக்கும் சேத்து இங்க சொல்லுகேன். தனித்தனியா டைப் பண்ண கை வரல்ல.

நெறய பேரு அவிய எங்க அம்மாண்ணு நெனச்சிட்டு இருக்கீங்க. இல்ல. அப்பாக்க அக்கா. எங்க ஊர்ல அப்பா கூடப்பொறந்த அக்கா தங்கச்சிய மாமிண்ணு தான் கூப்பிடுவோம்.

அம்மாக்கு மனசு செரியில்ல, இப்பவும் ஒரு ஹோம்ல தான் இருக்காவ. அப்பா கல்ஃப் போனாரு... கொஞ்ச நாள்ல போன் எடுக்கது நின்னு போச்சி. அப்ப எனக்கு பதிமூணு வயசு, தங்கச்சி ஜினிக்கு மூணு.

கல்யாணம் கட்டாத மாமி, முந்திரி ஃபேக்டரில அண்டி தல்லி பருப்பு எடுக்குற மாமி, ஒரு ஆட்டோ பிடிச்சி வந்தாவ. எங்க ரெண்டு பேரையும் துணிமணியோட ஏத்துனாவ. ‘தம்பி வரல்லண்ணா அக்கா வருவேன்லா.’ அவ்வளவு தான் பேச்சு.

அந்த மரச்சீனிக் கிழங்கு ரீல் ஞாபகம் இருக்கா? நம்ம பேஜ்ல முதல்ல வைரல் ஆனது. அதுல மாமிக்க கறுத்த கையப் பாத்து ஒருத்தர் ‘கைய கழுவிட்டு சமைங்க ஆன்ட்டி’ண்ணு கமெண்ட் போட்டாரு. நான் அழுதுட்டேன்.

மாமி சிரிச்சாவ. ‘ஏட்டி, அண்டிக்கறை சோப்புல போவுமா? போற சோப்பு இருந்தா அனுப்பச் சொல்லு, நான் தேய்க்கேன்.’ அதத்தான் அப்படியே ரிப்ளை போட்டு பின் பண்ணி வச்சேன். இப்பவும் இருக்கு.

ஒரு தடவ சர்ச்ல இருந்து வீட்டு ஜெபத்துக்கு வந்தாவ. ஒரு அக்கா கண்ண மூடி உருக்கமா, ‘ஆண்டவரே இந்த அனாதப் பிள்ளைகள...’ண்ணு ஆரம்பிச்சாவ.

மாமி ஜெபத்துக்கு நடுவுல கண்ண தொறந்தாவ. ‘இஞ்ச யாரு அனாத? நான் சாவல்ல. வேற மாதிரி ஜெபிக்கேளா, இல்ல நான் சாயா போடட்டா?’

ஜினி பயந்து என் கைய பிடிச்சா. நான் சிரிப்ப அடக்க பைபிள வாயில வச்சி அமுக்குனேன்...

ஜினிய தக்கலைல ஒண்ணாங்கிளாஸ் சேக்கப் போன நாள் தான் மறக்கவே முடியாது. ஆபீஸ்ல ஒரு சார், மதுரப் பக்கம். ஃபார்ம்ல ‘குழந்தைக்கு என்ன உறவு’ண்ணு ஒரு கட்டம். மாமி ‘மாமி’ண்ணு எழுதுனாவ.

‘மாமின்னா மாமா பேரும் போடணும்மா.’

‘மாமா இல்ல சார்.’

‘இறந்துட்டாரா?’

‘பொறக்கவே இல்ல சார். நான் கெட்டல்ல.’

‘கல்யாணமே ஆகாம எப்படிம்மா மாமி ஆனீங்க?’

மாமி அவர பாத்தாவ. ‘மாமி’ய அடிச்சிட்டு பக்கத்துல ‘எனக்க’ண்ணு எழுதுனாவ.

வெளியூர் ஃபாலோயர்ஸுக்கு... எங்க ஊர்ல எனக்க-ண்ணா ‘என்னோட’. சாருக்கு அது தெரியாதே. எழுத்துப் பிழைண்ணு நெனச்சி சிவப்புப் பேனால ஒரு சுழி போட்டு ‘எனக்கு’ண்ணு திருத்திட்டாரு.

மாமி அந்தப் பேனாவ அவரு கைல இருந்தே வாங்கி சுழிய மட்டும் அடிச்சாவ.

‘எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். பிள்ள எனக்க.’

நேத்து அடக்கம் முடிஞ்சி வீட்டுல எல்லாரும் உக்காந்து பேசுனாவ. பெரியப்பா தான் ஆரம்பிச்சாரு. ‘ஜினிய திருநெல்வேலில ஒரு ஹோம்ல விடலாம் மக்கா. ஒனக்கும் ஒரு வாழ்க்க வேணும்லா.’

‘எனக்கு நாகர்கோவில்ல மொபைல் கடைல வேல இருக்கு பெரியப்பா. அவளுக்கு எட்டாங்கிளாஸ் இருக்கு. எங்க வாழ்க்க நல்லாத்தான் போவுது.’

‘நாள பின்ன உன்ன கெட்டிக் குடுக்கும்ப?’

‘அவளும் கூட வருவா.’

‘எந்த மாப்ள சம்மதிப்பான்?’

‘சம்மதிக்காதவன் எப்பிடி பெரியப்பா மாப்ள ஆவான்?’

கதவுக்குப் பின்னால நின்னு ஜினி கேட்டுட்டு இருந்திருக்கா. ஹோமுக்குண்ணு யாரோ எடுத்து வச்ச பேக்ல இருந்து அவளுக்க யூனிஃபார்ம எடுத்து அயர்ன் பண்ண போயிட்டா.

இன்னைக்கு காலைல ரெண்டு பேரும் தக்கலைக்கு பஸ் ஏறுனோம். அதே ஆபீஸ், அதே மாதிரி ஃபார்ம். சீட்ல இப்ப நம்ம ஊர் அக்கா ஒருத்தி. கார்டியன் பேரு மாத்தணும்ண்ணு சொன்னேன்.

உறவு கட்டத்துல ‘அக்கா’ண்ணு எழுதுனேன். கை நிக்கல்ல... பக்கத்துலயே ‘எனக்க’ண்ணும் எழுதுனேன்.

அந்த அக்கா படிச்சாவ. என்ன பாத்தாவ. வெளிய பெஞ்ச்ல இருந்த ஜினிய பாத்தாவ. சிவப்புப் பேனா கைல தான் இருந்து... கீழ வச்சிட்டு சீல் குத்துனாவ.

மாமி... பிள்ள கிளாஸுக்கு போயாச்சு.

நாளைக்கும் ஆறரைக்கு வண்டி ஹார்ன் அடிக்கும். நீங்க எழும்பாண்டாம். கெடந்து ஒறங்குங்க.