நாணலுக்குள் நகர்ந்த குழாய்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாத விடியற்காலை. மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த நான், இரவு ஷிப்டு முடிந்து திருவொற்றியூரில் இருந்த வீட்டுக்கு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். சடையங்குப்பத்தை ஒட்டி, ஆள் உயர நாணலுக்கு நடுவே ஒரு கேஸ் குழாய் போகும். அதன் ஓரமாகத்தான் என் குறுக்கு வழி.

பீடியை வாயில் வைத்துத் தீக்குச்சியை உரசப் போன நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. "கிர்ர்ர்ர்ர்..." மூச்சு விடாமல், ஒரே சீராக. குழாயில் ஊசித் துளை விழுந்து கேஸ் பீறினால் இப்படித்தான் கேட்கும். முந்தின வாரம்தான் தொழிற்சாலையில் எங்களை உட்காரவைத்து, கசிவு என்றால் ஒரு பொறி போதும், ஊரே போய்விடும் என்று வகுப்பு எடுத்திருந்தார்கள். வகுப்பில் தூங்கியவன் பாக்கியசாலி. பாவி நான், விழித்திருந்து கேட்டுத் தொலைத்திருந்தேன்.

பீடியை நாணலடியில் தேங்கிய தண்ணீரில் எறிந்தேன். தீப்பெட்டியை எறிந்தேன். அதே வேகத்தில் டிபன் பாக்ஸையும் எறிந்தேன். அது ஏன் என்று என் மனைவிக்கு இன்றுவரை விளக்க முடியவில்லை. செருப்பில் லாடம் இருக்கிறது, பொறி பறக்கும் என்று அதையும் கழற்றி வீசினேன். சைக்கிள் மேலும் நம்பிக்கை இல்லை. வெறுங்காலோடு குப்பத்தைப் பார்த்து ஓடினேன்.

போன இடம் கல்யாண வீடு. பந்தலுக்குப் பின்னால் கோட்டை அடுப்புகளில் சவுக்குக் கட்டை திகுதிகுவென்று எரிகிறது. ஒன்றில் சோறு, ஒன்றில் கறிக்குழம்பு. காசிமேட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து சேரும் நேரம்.

"கேஸு! அடுப்ப அணைங்க!" என்று கத்தினேன். நீ யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்ணின் அம்மாதான் முதல் குடத்தைத் தூக்கி அடுப்பில் கவிழ்த்தார். அடுத்து வரிசையாக எல்லா வீட்டு அடுப்புகளும் அணைந்தன. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் ஓடினார்கள்.

பெண்ணின் தாய்மாமன் மட்டும் என்னோடு வந்தார். சோப்புத் தண்ணீர் பூசினால் கசிகிற இடத்தில் நுரை கிளம்பும், அங்கே ஈரச்சாக்கைச் சுற்றிவிடலாம் என்பது என் மகா திட்டம். வாளியோடு நாணலுக்குள் இறங்கினோம். சத்தம் இடப்பக்கம் கேட்டது. பூசினேன், நுரை இல்லை. இப்போது வலப்பக்கம். அங்கே ஓடினேன். சத்தம் எங்களுக்குப் பின்னால்.

"இன்னா மாமு, ஒன் பைப்பு நவுந்துகினே கீது?" என்றார் தாய்மாமன்.

நாணலை விலக்கிக் காட்டினார். தண்டில் தொற்றிக்கொண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பழுப்புக் குருவி. வாய் திறந்திருந்தது, தொண்டை அதிர்ந்தது. எங்களைக் கண்டதும் கேஸ் நின்றது. குருவி எலி மாதிரி புல்லுக்குள் ஓடி மறைந்தது. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்து, வெயில் ஏறும்போது திரும்பிப் போகிற கதிர்க்குருவி வகை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஊருக்குக் கிளம்பும் சமயத்தில்தான் பாடுமாம். ஒருநாள் முன்னதாகக் கிளம்பியிருக்கக் கூடாதா?

இப்போது என் பயமெல்லாம் பெண்ணின் அம்மாவை நினைத்துத்தான். சம்பந்தி வந்து நிற்கும்போது பந்தியில் சோறில்லை என்றால் அவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

"குருவிதான்க்கா!" என்று தாய்மாமன் சொன்னதும் பந்தலே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. அரைவேக்காட்டுச் சோற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஊதுகுழலை என் கையில் திணித்தார்.

"ஊது நைனா. கத்துன வாய்தானே!"

நனைந்த கட்டையை ஊதி ஊதி என் கண் மிளகாய்ப்பழம் ஆனது. எப்படியோ சோறு வெந்தது, ஆனால் ஒரே புகை வாசனை. முதல் பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பா முகம் சுளித்தார். "இன்னா சம்பந்தி, சோறு பொகையடிக்குது?"

அந்த அம்மா என்னைக் கைகாட்டினார். "பைப்பு வெடிக்கப் போவுதுன்னு, கால்ல செருப்புகூட இல்லாம ஓடியாந்தாரு. நல்ல காலம், வெடிக்கல. பொகை அடிச்சா அடிக்கட்டும், துன்னுங்க."

சித்தப்பா என் காலைப் பார்த்தார். பிறகு மறுசோறு கேட்டார்.

புறப்படும்போது அந்த அம்மா கேட்டார்: "அந்தச் சத்தம் இன்னொரு தபா கேட்டா இன்னா செய்வே?"

"குருவின்னு பேசாம பூடுவேங்க்கா."

"அய்ய! அப்பவும் ஓடியா. குருவியா இன்னான்னு அப்பால பாத்துக்கலாம்."

அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை வெற்றுப் பயத்தில் ஊரைக் கூட்டியிருக்கிறேன், கேலியும் வாங்கியிருக்கிறேன்; முதல் கேலி நானே செய்துகொள்வதுதான். ஆனால் ஒரு தடவை தப்பாகக் கத்தியவனுக்கு மறுபடியும் கத்த இடம் கொடுத்தாரே அந்த அம்மா, அதை நினைத்தால் மட்டும் எனக்கு எந்தக் கேலியும் வருவதில்லை.